மேடம் லைன்ல இருக்காங்க

"இன்னும் ரெண்டு தடவைதான் சார் இருக்கு," என்றான் நெட்டையன், என் மடிக்கணினியின் முன் குனிந்தபடி.

ஆறு முறை தவறினால் அது பூட்டிக்கொள்ளும். நான்கு போய்விட்டது. என் பெயர், பிறந்த ஆண்டு, வண்டி எண், பிறகு பெயரும் வண்டி எண்ணும் சேர்த்து.

நான் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

இணையப் பாதுகாப்புப் பொறியியல், முதல் வகுப்பு. அறுபது பேர். உள்ளே வந்ததும் கணினியை மேசையில் வைத்து, 'ஒரு மணி நேரத்துக்குள் இதைத் திறந்து காட்டுங்கள், நான் வாயைத் திறக்கமாட்டேன்' என்று பலகையில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமில்லை.

கடைசி வரிசையில் துறைத்தலைவர். இந்தப் பாடத்தைக் கொண்டுவர மூன்று வருடம் அவர் அறை வாசலில் நின்றிருக்கிறேன். காலையில்தான் சொன்னார்: "பசங்க உங்க பூட்டையே திறந்துட்டாங்கன்னா இந்தப் பாடத்தை எடுத்துரலாம் சார். நீங்க பழையபடி முதல் வருஷத்துக்கு எக்செல்ல அட்டவணை போடச் சொல்லிக்குடுங்க."

அட்டவணை. வரிசை சேர்ப்பது, வரிசை நீக்குவது. பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன்.

நெட்டையன் நிமிர்ந்தான். முகத்தில் குற்ற உணர்ச்சி.

"சார், ஒரு தப்பு பண்ணிட்டோம். ஆபீஸ்ல உங்க வீட்டு நம்பர் வாங்கி மேடத்துக்குப் போன் போட்டோம். பாஸ்வேர்டு குடுத்துட்டாங்க."

வகுப்பு 'ஓ' என்றது. துறைத்தலைவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

இதை நான் எதிர்பார்த்திருந்தேன். என் மனைவிக்குத் தெரிந்தது பழைய கடவுச்சொல். இன்று காலை பல் தேய்ப்பதற்கு முன்பே அதை மாற்றிவிட்டேன்.

அடி என்று கையைக் காட்டினேன்.

அடித்தான். கட்டத்துக்குள் கறுப்புப் புள்ளிகள் ஓடின. தவறு என்று சிவப்பில் வந்தது.

வெகு நாட்களுக்குப் பிறகு ஒரு வகுப்பறையில் சிரித்தேன்.

"சார்..." நெட்டையன் போனை நீட்டினான். "மேடம் இன்னும் லைன்ல இருக்காங்க. எல்லாத்தையும் கேட்டுட்டாங்க."

சொன்னதோடு நிற்காமல் ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டான்.

"ஏங்க."

அறையில் மூன்று ஆண்களுக்கு முதுகு விறைத்தது. எனக்கு, துறைத்தலைவருக்கு, ஏணியில் நின்று டியூப்லைட் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனுக்கு.

"மாத்திட்டீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மறைக்கிற அளவுக்கு அதுல என்னங்க இருக்கு?"

குரல் அழுகையில் அடைத்துப்போயிருந்தது; மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது.

மௌனத்தில் எனக்குப் பல வகை தெரியும். புத்தகம் மடியில் இருக்கும்போது வருவது, சாப்பாட்டு மேசையில் வருவது, மழை நின்றதும் வருவது. அறுபது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுக்கும் மௌனம் அன்றுதான் அறிமுகம்.

"சொல்ல முடியாதுன்னா விட்ருங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

போனைப் பிடுங்கினேன். ஸ்பீக்கரை அணைத்தேன். மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். மொத்தம் பதினான்கு. நடுவில் ஓர் ஆச்சரியக்குறி.

"சரிங்க," என்றது குரல். இணைப்பு அறுந்தது.

நிம்மதியாகத் திரும்பினேன். வீடும் பிழைத்தது, பாடமும் பிழைத்தது. வகுப்பு முடிய ஐந்து நிமிடம்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டு அரை மணி நேரத்துக்கு முன் வெளியே போனவள். தலையசைத்து அனுப்பியதே நான்தான்.

ஒரு கையில் போன். இன்னொரு உள்ளங்கையில் பேனாவால் எழுதிய பதினான்கு எழுத்து.

நெட்டையன் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து அடித்தான். ஆறாவது முறை.

கணினி திறந்துகொண்டது.

என் வீட்டு எண்ணை அவர்கள் வாங்கவே இல்லை. ஐந்தாவது முறை அடித்தது கைக்கு வந்த ஏதோ ஒன்று. தவறு என்று வரவேண்டும், அவ்வளவுதான் திட்டம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்றாள் அவள். "நாடகக் குழுவுல அழுற வேஷம்னா என்னையத்தான் கூப்பிடுவாங்க."

மேசைகளைத் தட்டிச் சிரித்தார்கள். ஏணிமேல் இருந்தவரும் சிரித்தார். துறைத்தலைவர் எழுந்து நடந்து வந்தார். என் கண்முன் அட்டவணைகள் கட்டம் கட்டமாக விரிந்தன.

அவர் என் காதருகே குனிந்தார்.

"பாடம் இருக்கட்டும் சார். அந்தக் குரலைக் கேட்டதும் என் பாஸ்வேர்டே தொண்டை வரைக்கும் வந்துருச்சு."

அவர் போனதும் அந்தப் பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"மேடத்தை நான் பார்த்ததுகூட இல்ல சார். அவங்க பேசுற மாதிரியேவா இருந்துச்சு?"

நான் துடைத்த பலகையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் என் மனைவியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் என்னைக் கூப்பிடுவது 'டேய்' என்றுதான்.

பிள்ளைகள் முன்னால் மரியாதை கொடுக்கிறாளே என்று மனம் இளகிப்போய்தான், ஆச்சரியக்குறியைக்கூட விடாமல் சொன்னேன்.