நாக்கை நீட்டாத முயல்

அந்தக் காட்டில் ஓர் ஊதாநிறப் பழம் உண்டு. தின்றால் கால் பறக்கும். நாக்கு ஒரு நாள் முழுக்கக் கறுத்திருக்கும். வருடாந்தர ஓட்டப் பந்தயத்தில் அதைத் தின்னக் கூடாது. அதனால் பந்தயம் முடிந்ததும், ஓடியவர்கள் நடுவரான நாரையிடம் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்.

அந்த வருடம் வென்ற முயல், நாரையைக் கண்டதும் வளைக்குள் புகுந்துகொண்டது. மறுநாள்தான் வெளியே வந்து நாக்கைக் காட்டியது.

"பாருங்கண்ணே, தாமரையிதழ் மாதிரி இருக்கு."

"நான் கேட்டது நேத்து. ஒளிஞ்சவன் தின்னவன்தான். வெற்றி செல்லாது, ரெண்டு மழைக்காலம் நீ ஓடவும் கூடாது," என்றது நாரை.

"அதுக்குள்ள எனக்கு வயசாயிடுமே அண்ணே!"

நாரை பறந்துவிட்டது. இரண்டாவதாக வந்த மானுக்கு மாலை விழுந்தது. மான் முயலிடம் போய் உட்கார்ந்தது.

"சின்னதுல அந்தப் பழத்தைத் தின்னுட்டு, யார் நாக்கு அதிகக் கறுப்புன்னு காட்டிக் காட்டிச் சிரிப்போமேடா."

"அப்பப் பந்தயம் ஏது?" என்றது முயல்.

அடுத்த வருடம் மான் எல்லோருக்கும் வெகு முன்னால் ஓடியது. பாதி வழியில், பக்கத்தில் எப்போதும் கேட்கும் சின்னக் காலடிச் சத்தத்துக்காகக் காதை விடைத்தது. பிறகு கொஞ்சம் மெதுவாக ஓடிப் பார்த்தது.