ஓட்டையின் அளவு

"மூச்சை உள்ளே இழுங்கக்கா. தோள்பட்டை இடிக்குது."

அனார்குல் மூச்சை இழுத்தாள். பயனில்லை. உத்தரத்திலிருந்து தொங்கிய தடித்த சாம்பல் நிறக் கம்பளியின் நடுவே ஆள் உருவத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள் அவளை நிறுத்திப் பார்த்தே தீருவது என்று கண்காட்சித் தேர்வுக் குழுவின் எர்மெக் ஒற்றைக் காலில் நின்றான்.

"ஒரு சாண் குட்டை. இடுப்பும் பத்தல." அவன் அளவு டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "பக்கத்துல ஒரு குதிரைவால் வேற. இது நீங்க இல்லக்கா."

"நான்தான்னு எத்தனை தடவை சொல்றது தம்பி? உனக்குக் காதுல என்ன, கம்பளியா?"

கண்காட்சிக்குப் பெயரே 'கண்ணாடி இல்லாமல்'. முகம் வரையக் கூடாது, ஆனால் வைக்கும் பொருள் வைப்பவரையே காட்ட வேண்டும். ஒருவர் தன் நெஞ்சின் எக்ஸ்ரே படங்களைத் தொங்கவிட்டிருந்தார். ஒருத்தி தன் தலையணைப் பள்ளத்தைச் சுண்ணாம்பில் வார்த்துக் கொண்டுவந்திருந்தாள். அனார்குல் இந்தக் கம்பளியை மடியில் இருத்திக்கொண்டு, மலையூரான நரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் வரை நெரிசலான டாக்ஸியில் வந்திருந்தாள். பெயர்ச் சீட்டில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருந்தாள்: 'நான்'.

சாயங்காலம் கதவு திறக்கும்போது இது இந்தக் கூடத்தில், அந்த ஒரு சொல்லோடு தொங்க வேண்டும். அவளுக்கு வேறொன்றும் வேண்டாம். எர்மெக்கோ, உருவம் பொருந்தாவிட்டால் வெளி வராந்தாவுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வராந்தாவில் சுற்றுலாக்காரர்களுக்குக் கம்பளிச் செருப்பு விற்கிறார்கள்.

தேர்வுக் குழுவில் இன்னொருவர் பூபுசரா. கம்பளம் தைத்தே பேர் வாங்கியவள், குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும். ஒரு கையில் தேநீர்க் கிண்ணமும் மறு கையில் கடித்த போர்சோக் பணியாரமுமாக வந்து ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"என்னடி இது, கிழிஞ்ச கூடாரம் மாதிரி? நம்ம வேலையில ஓட்டைன்னு ஒண்ணு உண்டா? ரெண்டு நிறத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சு ஒரே கத்தியில அறுக்கிறோம். இதுல வெட்டினது அதுல போகும், அதுல வெட்டினது இதுல வரும். வெறுமனே விடுவாங்களா யாராவது?"

"இதை ஒத்தையாத்தான் அறுத்தேன்."

"ஒத்தையாவா! சரி, வெட்டி எடுத்த துண்டு எங்கே?"

"மண்ணு மேல விரிச்சிட்டேன். குளிருமேன்னு."

"வாசல்லயா? அடிப்பாவி, ஆள் உருவத்தைப் போட்டு மிதிக்கிறீங்களா?"

"யாரும் மிதிக்கல," என்றாள் அனார்குல். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

எர்மெக் பொறுமையாகத்தான் இருந்தான். "அக்கா, பார்க்க வர்றவங்க கேட்பாங்க. விளக்கம்னு நாலு வரி எழுதிக் கொடுங்க."

"எனக்கு எழுத வரல."

"போன தடவை உன்கூட ஒருத்தி வந்தாளே, வாயாடி," என்றாள் பூபுசரா. "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு எழுதச் சொல்லு. கம்பளியைக் காயப்போட்டா அதுமேல போய்ப் படுத்துக்கிறான்னு நீதானே புலம்பினே?"

"ஆமா. எழுந்திருடின்னா எழுந்திருக்க மாட்டா. உன்னையும் சேர்த்து அறுத்துடுவேன்னு சாக்கட்டியால சுத்தி ஒரு கோடே போட்டேன் ஒரு நாள். அப்பவும் சிரிச்சுக்கிட்டே படுத்திருந்தா."

"கூப்பிடேன் அவளை."

"வரமாட்டா."

"மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காளா? என் வீட்டுலயும் ஒண்ணு அப்படித்தான் திரியுது. போனை எடுத்தா அம்மான்னு ஒரு வார்த்தை வராது." பூபுசரா சிரித்துவிட்டு மீதி போர்சோக்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

எர்மெக்குக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. "அக்கா, ஒண்ணு செய்யலாம். இது சின்ன வயசுல நீங்க. ஒல்லியா, குட்டையா, குதிரைவாலோட. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நடுச் சுவர்லயே மாட்டிடறேன்."

நடுச் சுவர். அனார்குல் ஒரு கணம் அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். "சின்ன வயசுல நான் இப்படி இல்ல. இது இன்னிக்கு இருக்கிற நான்."

"ஐயோ, உங்களுக்கு உதவி பண்றதுக்குள்ள!" எர்மெக் பேனாவை எடுத்தான். பெயர்ச் சீட்டில் 'நான்' என்பதற்கு அடுத்து 'பதினாறு வயதில்' என்று அவனே எழுதி ஓட்டைக்குக் கீழே ஒட்டினான். இரண்டடி பின்னால் போய் நின்று அழகு பார்த்தான். "இப்ப புரியுது பாருங்க. வெறும் ஓட்டைக்கு ஒரு அர்த்தம் வந்துடுச்சு."

அனார்குல் அந்தச் சீட்டை உரித்து எடுத்தாள். அவன் எழுதியதை மட்டும் கிழித்துக் கீழே போட்டாள். மிச்சத்தை ஓட்டையிலிருந்து தள்ளி, ஓரத்துச் சாம்பல் கம்பளியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

"ஓட்டை என் மக தம்பி. அவ மண்ணுக்குள்ள போனப்புறம் மிச்சமிருக்கே, அதுதான் நான்."