சிவப்புப் பட்டன்

வாதம் வந்து பேச்சும் வலப்பக்கமும் போனபிறகு ஃபிலோமினாவுக்கு மிஞ்சியது இடது கை ஒன்றுதான். அவளை எப்படியும் சந்தோஷப்படுத்திவிடுவதென்று கங்கணம் கட்டிக்கொண்ட கணவர் சவரிமுத்து, மகள் அனுப்பிய தீப்பெட்டி அளவு எம்.பி.3 பாட்டுப் பிளேயரை அந்தக் காலத்து டேப்ரெக்கார்டரோடு ஒயர் போட்டு இணைத்தார். சத்தமே வரவில்லை.

"அட, மறந்துட்டேன் பாரு! ரெக்கார்டு பட்டன அமுக்குனாத்தான இதுல ஒயர் வழியா வர்ற பாட்டு கேக்கும்!"

பட்டனை அமுக்க உள்ளே கேசட் வேண்டும். அலமாரியில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போட்டார். மகளைத் தூங்கவைக்க ஃபிலோமினா பாடிய கேசட் அது. அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அதில் மட்டும்தான். மேலே வேறெதுவும் பதிந்துவிடக் கூடாதென்று, ஓரத்துப் பிளாஸ்டிக் தகட்டை அவளே அன்றைக்கு ஒடித்துப்போட்டிருந்தாள். அதனால் பட்டன் அமுங்கவில்லை. சவரிமுத்துவுக்கா தெரியாது அந்த வித்தை? ஓட்டையில் காகிதத்தைச் சுருட்டி அடைத்தார். சிவப்பு ரெக்கார்டு பட்டன் அமுங்கியது. பிளேயரின் பாட்டு அறையை நிறைத்தது, கேசட் சுற்ற ஆரம்பித்தது.

ஃபிலோமினா இடது கையால் கட்டிலை அடித்தாள். மறுபடி மறுபடி அடித்தாள்.

"அடி ஆத்தி, தாளம்லாம் போடுற!" என்று சவரிமுத்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆசையாக அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார்.