ஏழாம் பக்கம்

"அந்த இடத்தை மறைக்க இந்தக் கறுப்புப் பட்டை பத்தாது. இன்னும் பெருசா அடிங்க," என்றார் குவாபாதா. டோக்கியோ காமிக்ஸ் சந்தையில், கதவு திறக்குமுன் புத்தகங்களைச் சோதிப்பவர் அவர்.

"எவ்வளவு பெருசுன்னு சட்டத்துல இருக்கா, சார்?" என்றான் ஓவியன் மிசுசாவா.

"இல்ல. ஆபாசமா இல்லையான்னு, போலீஸ் பிடிச்சுட்டுப் போனப்புறம் ஜட்ஜ்தான் சொல்வார்."

"இது என்ன புத்தகம்னு அட்டையையாவது பார்த்தீங்களா?"

"எனக்கு இன்னும் நானூறு புத்தகம் கிடக்கு. ஏழாம் பக்கத்துல ஆம்பளை அம்மணமா நிக்கிறான். அது போதும்."

மிசுசாவாவும் மனைவியும் மார்க்கரால் நூற்றைம்பது பிரதிகளிலும் கறுப்படித்தார்கள். சோதனைக்காகக் குவாபாதாவிடம் கொடுத்த பிரதியும் தப்பவில்லை.

"ஒரு வருஷம் வரைஞ்சதுக்கு, வெறும் கறுப்புத் தாளையே வித்திருக்கலாம்," என்று பல்லைக் கடித்தான் அவன்.

சந்தை முடியும் நேரத்தில் குவாபாதா தயங்கியபடி வந்தார்.

"அந்த ஏழாம் பக்கம்... மறைக்காதது ஒண்ணு கிடைக்குமா?"

"காலையில மறைக்கச் சொன்னது நீங்கதானே. இப்ப பார்க்க ஆசை வந்துடுச்சா?"

குவாபாதா குரலைத் தாழ்த்தினார். "சாப்பிடும்போது படத்துக்குப் பக்கத்துல இருந்த எழுத்தைப் படிச்சேன். பட்டாணி மாதிரி கட்டின்னு போட்டிருக்கீங்க. எனக்கும் ஒண்ணு தட்டுப்படுது. அம்புக்குறி காட்டுற இடம்தானான்னு பார்த்தா, அங்க கறுப்பாத்தான் இருக்கு."

அவர் கையிலிருந்த பிரதியின் அட்டை சொன்னது: 'விதைப்பையில் புற்றா? குளிக்கும்போதே தடவிப் பாருங்கள்.'

"நாளைக்கே டாக்டரைப் பாருங்க," என்றான் மிசுசாவா. பிறகு அவருடைய விதிமுறைத் தாளை வாங்கித் திருப்பிப் போட்டு, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் வரையத் தொடங்கினான்.