மேலேயே நிறுத்தியவள்

“சொந்த மாமா வர்ற பிளேன மேலேயே சுத்த விட்டவகிட்ட என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?”

எல்லார் முன்னாடியும் ஷானவாஸ் கேட்டுவிட்டான்.

அவன் அம்மா அம்சத் பீவி மவுத்தாகி அன்றைக்கு மூன்றாம் நாள். கம்பத்து வீட்டில் ஃபாத்திஹா ஓதி முடித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது.

ஷர்மின் தண்ணீர் ஜக்கைக் கீழே வைத்தாள். அம்சத் பீவி அவளுக்குப் பெரியம்மா. மதுரை விமான நிலையத்தில், விமானங்களை ஒன்றோடொன்று நெருங்கவிடாமல் வழிநடத்தி இறக்குவது அவள் வேலை. பெரியம்மா இறந்த அன்று மாற்றிவிட ஆளில்லாமல் டியூட்டி முடித்துத்தான் வந்தாள். அடக்கத்துக்கு அவளாலும் வந்து சேர முடியவில்லை.

“கலீல் மாமாவுக்குக் கூடப்பொறந்த ஒரே அக்கா. துபாய்ல இருந்து அடிச்சுப் பிடிச்சு வந்தாக. நீ எறங்க விடல. அவுக இங்கன வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.”

கலீல் ரஹ்மான் சுவரோரமாகத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ‘பிளேன் ரொம்ப நேரம் மேலேயே சுத்துச்சு, அதான் லேட்டு’ என்று வந்த அன்று சொன்னவர் அவர்தான்.

“வேற ஒரு பிளேன்ல ஒருத்தருக்கு நெஞ்சுவலிண்ணே. அதத்தான் மொதல்ல எறக்கணும்.”

“ரெண்டையும் சேத்து எறக்க வேண்டியதுதானே?”

“ஓடுபாதை ஒண்ணுதான். ஒண்ணு எறங்கி விலகுற வரைக்கும் இன்னொண்ணு தள்ளித்தான் நிக்கணும். கிட்ட வந்துட்டா ரெண்டுலயும் இருக்கறவுக உசுரு.”

பெரியம்மா இறந்த அன்று, இறங்கும் வரிசையில் முதலில் நின்றது மாமாவின் விமானம்தான். பின்னால் வந்த ஹைதராபாத் விமானத்தின் பைலட், பயணி ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்றார்.

கட்டுப்பாட்டு அறையில் பக்கத்து இருக்கையிலிருந்த இவாஞ்சலின் ஷர்மினைத் திரும்பிப் பார்த்தாள். “துபாய் ஃபிளைட்லதானே உங்க மாமா வர்றாரு?”

“ஆமா,” என்றாள் ஷர்மின்.

மைக்கில் அவள் குரல் துளியும் நடுங்கவில்லை. துபாய் விமானத்தை மற்றதைவிட ஆயிரம் அடி மேலேயே வட்டமிடச் சொன்னாள். அதன் கீழே வழி கொடுத்து ஹைதராபாத் விமானத்தை உள்ளே கூப்பிட்டாள். திரையில் இரண்டும் ஒன்றையொன்று தாண்டி விலகும்வரை பெரியம்மாவின் நினைப்பைப் பல்லைக் கடித்துத் தள்ளி வைத்திருந்தாள்.

ஷானவாஸ் விடுவதாக இல்லை. “கடைசியா மொகம் பாக்குறது ஒரு தடவதான். அது தெரியாதா உனக்கு?”

“தெரியும்ணே. என் தப்புன்னே வச்சுக்கங்க.”

“வச்சுக்க என்ன இருக்கு? உன் தப்புதான்.”

அவள் அம்மா, ‘ஏதாவது சொல்லேன்டி’ என்பதுபோல் பார்த்தாள். ஷர்மின் மறுபடியும் ஜக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.

சாப்பாடு முடிந்து வாசலுக்கு வந்தபோது அழகுமலை காத்திருந்தான். அதே தெருவில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். அன்று மாமாவை மதுரையிலிருந்து அழைத்து வந்தவனும் அவன்தான்.

“நீங்க எதுக்கும்மா பேச்சு வாங்குறீக? ஐயா நேரத்துக்கே எறங்கிட்டாக. ஆண்டிபட்டி கணவாய்ல வண்டிய நிறுத்தச் சொல்லி உக்காந்தவுக, நான் கூப்புடக் கூப்புட எந்திரிக்கல. ஷானவாஸ் தம்பி ஐயா மகளக் கட்டிக்க மாட்டேன்னு சொன்ன நாள்ல இருந்து அக்காகூடப் பேச்சு இல்லியாம். ‘உசுரோட இருக்கையில போன எடுக்காதவன், இப்ப எந்த மொகத்தோட போயி அவ மொகத்தப் பாப்பேன்’னு அழுதாக. அடக்கம் முடிஞ்சிருச்சுன்னு போன் வந்த பெறகுதான் கெளம்புனோம். வாங்க, நானே உள்ள வந்து சொல்றேன்.”

அவன் செருப்பைக் கழற்றினான். ஷர்மின் வாசல்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

“வேணாம்ணே. யாருகிட்டயும் சொல்லாதீக.”

“பழி உங்க மேலல்ல கெடக்கு?”

“கெடக்கட்டும். எம்மேல இருக்குற கோவம் போகப் போக ஆறிரும். மாமா மேல வந்தா ஆறாது. அம்மாவையும் பறிகுடுத்துட்டு நிக்கிற ஷானவாஸ் அண்ணனுக்கு மாமாவாவது மிஞ்சட்டும்.”

அழகுமலை அவளையே பார்த்தான். “நான் சொல்லித்தான் தெரியும்னு நெனச்சேன். முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?”

“அந்த பிளேன மேல நிறுத்துனதும் நான்தான். பத்தே நிமிசத்துல எறக்கி விட்டதும் நான்தாண்ணே.”