எட்ட நின்று எடுக்கிற படம்

“எம்பதடி தள்ளி நின்னு எடுத்தா, கொழந்த மூஞ்சி தெளிவா வுழுமாண்ணே? அந்த வூட்டுக்காரங்க என்னைப் பாத்துடக் கூடாது.”

துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டு, சுப்புராயன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வில்லியனூர் கடைத்தெருவில் இருபது வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறார். இப்படி ஒரு கேள்வியோடு யாரும் படியேறியதில்லை.

முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வெளுத்த நூல் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. துணிப்பையிலிருந்து அவள் எடுத்து வைத்தது பழைய ஜெர்மன் கேமரா. வெளிச்சம், தூரம் எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்க வேண்டிய ரகம்.

“இது ஏதும்மா உனக்கு?”

“எங்க வூட்டுக்காரரோடது. மாதா கோயில் தேரு, கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுப்பாரு. அவரு தவறிப் பூட்டாரு, நாலு வருஷம் ஆவுது.”

பெயர் கேட்டதற்கு கிரேஸ் மேரி என்றாள். ஊரைக் கேட்டதற்கு, “அபிஷேகப்பாக்கம் பக்கம்” என்று பொதுவாகக் கையை ஆட்டினாள்.

திருட்டுச் சாமானாக இருக்குமோ என்று அவருக்கு ஓர் எண்ணம். “எங்க, அந்த லென்ஸைக் கழட்டு பாக்கலாம்” என்றார். அவள் நாலு சுற்றில் மரையைக் கழற்றி, தூசி இறங்காமல் கேமராவின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். தொழில் தெரிந்த கை. அந்தச் சந்தேகம் போனது. அதைவிடப் பெரிய சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன லென்ஸ்கள் இரண்டு அவரிடம் இருந்தன. ஒன்று நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். இன்னொன்று, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்ட எண்பதிலிருந்து இருநூறு வரை இழுக்கிற ஜூம்.

“இது போதும்மா” என்று சின்னதை நீட்டினார். “கனம் இல்ல. வெளிச்சமும் நல்லா வாங்கும்.”

அதை மாட்டி, வாசற்படியில் நின்று எதிர் டீக்கடையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“சரியா வராதுண்ணே. அவன் ஒரு எடத்துல நிக்கமாட்டான். வாச கேட்டாண்ட ஓடியாருவான், பாக்கறதுக்குள்ள படியாண்ட பூடுவான். நான் முன்ன பின்ன நவுர முடியாது. நின்ன எடத்துலயே கிட்ட இழுக்கறாப்புல வேணும்.”

எத்தனை நாளாக நோட்டம் பார்க்கிறாளோ என்று சுப்புராயன் நினைத்துக்கொண்டார். போன வாரம் பாகூர் சந்தையில் ஒரு குழந்தை காணாமல் போனதாகப் பேச்சு வேறு அடிபட்டது. இருந்தும் ஜூமை எடுத்துக் கொடுத்தார். விஷயத்தைக் கறக்க வேண்டுமே.

அது கனத்தது. அவள் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, வளையத்தை மெதுவாக இழுத்தாள்.

“அஞ்சு மணிக்கு மேலதான் வெளையாட வுடுவாங்க. அந்த வெளிச்சத்துல கை ஆடிப்புடுமாண்ணே?”

“ஆடும். செவுத்துல சாஞ்சுக்கிட்டு எடுக்கணும்” என்றார். இதை ஏன் சொல்லிக் கொடுத்தோம் என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். “எந்த வூடும்மா அது?”

“தெக்கு மாட வீதி. அரிசி மண்டிக்காரரு வூடு.”

சண்முகசுந்தரத்தின் வீடு. பத்து வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றிய பிறகு கிடைத்த ஒரே பிள்ளை. போன மாசம் பையனின் நாலாவது பிறந்த நாளுக்குச் சுப்புராயன்தான் போய்ப் படம் எடுத்தார்.

“ஜூமை ஒருத்தரு சொல்லி வெச்சிருக்காரு. அவரைக் கேட்டுக்கறேன், நாளைக்கு வா” என்றார், முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

லென்ஸை மேஜைமேல் வைத்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. “வேற யாருக்கும் குடுத்துடாதீங்கண்ணே” என்றாள். பிறகு கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் சுப்புராயன் கடையைச் சாத்திவிட்டு மாட வீதிக்கு நடந்தார். மண்டிக்காரர் வீட்டில் இல்லை. அவர் மனைவி விசாலாட்சி முன்வாசலில் பையனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். புதன்கிழமை சந்தைக் கூட்டம் வீட்டு வாசல் வரைக்கும் நின்றது.

“முதல்ல புள்ளய உள்ள அனுப்புங்கம்மா” என்றார். பிறகு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

விசாலாட்சியின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. பையன் போன கதவை இழுத்துச் சாத்தினாள்.

“பாக்க எப்படி இருந்தா? எளைச்சுப் போயிருந்தாளா?”

அடையாளம் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் சுப்புராயன். “ஒல்லியாத்தான் இருந்தா. சொந்த ஊரைக்கூடச் சரியாச் சொல்லல. போலீஸுல ஒரு வார்த்த சொல்லி வெச்சுடலாம்மா. நாளைக்கு எப்படியும் வருவா, நானே புடிச்சுக் குடுக்கறேன்.”

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் பையன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அதைக் கேட்டபடி நின்ற விசாலாட்சி, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போலீஸெல்லாம் வேணாண்ணே. எங்க வூட்டுக்காரருகிட்ட நான் பேசிக்கறேன்.”

சுப்புராயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

“நாளைக்கு வந்தா, உள்ளயே வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. அவன் அவ பெத்து எங்களுக்குக் குடுத்த புள்ள.”