கிடை போட்ட புஞ்சை

"மருந்து இல்லவே இல்லையா? இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா."

"நான் ஆட்டு டாக்டர் இல்லக்கா. கெமிஸ்ட்ரி."

"எதுவோ ஒண்ணு. செத்ததுக்குக் காரணம் சொல்லுவீகல்ல?"

ஷரீபா அறிக்கையை மேசைமேல் வைத்தாள். எதிரே முக்காலியின் நுனியில் ஒச்சம்மா உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லாமல், உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி மதுரையிலிருந்த இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

"மூணு தடவை பாத்துட்டேன்க்கா. பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் இல்ல. உங்க புஞ்சையில யாரும் எதையும் வைக்கல, அடிக்கல."

ஒச்சம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்திலிருந்த தாலிக்கயிற்றை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஏமாற்றம் என்று ஷரீபா நினைத்தாள். பதின்மூன்று வருடமாக மேய்ச்சல் நிலத்துச் செடிகளையும் மண்ணையும் ஆராய்கிறவள் அவள். ஆடு மாடு செத்தவர்கள் மனசில் ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் அவளிடம் வருவார்கள். அடுத்த புஞ்சைக்காரன், இல்லையென்றால் பங்காளி. செடிமேல் கோபப்பட யாருக்கும் மனசு வருவதில்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒச்சம்மாவின் கணவர் மொக்கைச்சாமி இரண்டு பைகளோடு வந்திருந்தார். ஒன்றில் புஞ்சை மண், இன்னொன்றில் அங்கே தழைத்த சோளம். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மூலையிலிருந்த கருவியைக் காட்டி, "இது பொய் சொல்லாதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை போன் பண்ணார்க்கா. மெஷின் ரிப்பேரு, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு நான்தான் இழுத்துட்டேன். கோவமா இருக்காரா?"

"இல்ல தாயி. இப்பக் கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

"எத்தனை ஆடு செத்துச்சு?"

"பத்தொம்பது. மத்தியானம் மேஞ்சுச்சுக. பொழுது சாயுறதுக்குள்ள ஒண்ணு மாத்தி ஒண்ணு விழுந்துருச்சுக. அறுத்துப் பாத்தா ரத்தம் காப்பித்தண்ணி கணக்கா இருந்துச்சு. மருந்தேதான்னு அங்கனயே முடிவு கட்டிட்டாக."

"அந்த நிறம்தான்க்கா சாட்சி. நைட்ரேட்னு ஒரு உப்பு, ரத்தத்தை அப்படித்தான் ஆக்கும். உங்க சோளத்துல அது ஏகத்துக்கு இருக்கு."

"எளஞ்சோளம் ஆகாதுன்னு ஆடு மேய்க்கிறவுகளுக்குத் தெரியாதாக்கும்? இது அறுத்த கட்டையில தழைஞ்சு இடுப்பளவு நின்னுச்சே தாயி."

"எளசுல இருக்குறது வேற விஷம். வளர வளரக் கொறஞ்சுரும். இது வளந்த தண்டுலயும் நிக்கும்." ஷரீபா அறிக்கையில் மண் முடிவைப் பார்த்தாள். "அந்தப் புஞ்சையில எருவுக்கு ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போட்டீங்களா?"

"வருசா வருசம் ஆட்டைக் கிடை போடுறதுதான். எப்பவும் மூணு ராத்திரி. இந்த வருசம் பத்து ராத்திரி கெடந்துச்சுக."

"எந்த ஆடு?"

"செத்த அதே ஆடுகதான்."

ஷரீபா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அதுங்க போட்ட புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல அம்புட்டையும் சேத்து வச்சிருச்சு. மழையில்லாமக் காஞ்சு கெடந்துட்டு, திடீர்னு ஒரு மழை பேஞ்சதும் பயிரு மொத்தத்தையும் உறிஞ்சிருச்சு. உறிஞ்சி, அதுங்களுக்கே திருப்பிக் குடுத்துருச்சு."

ஒச்சம்மா நிமிர்ந்தாள்.

"அப்ப யாரு மேலயும் குத்தமில்ல."

"யாரு மேலயும் இல்ல."

"இதை அப்படியே தமிழ்ல எழுதிக் குடுங்க. பெரிய எழுத்தா இருக்கட்டும், வாசிக்கிறவருக்குக் கண்ணு மங்கல். வெள்ளிக்கிழமைக்குள்ள கையில வேணும்."

ஷரீபா அப்போதே தட்டச்சு செய்தாள். எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தாள். கொடுக்கும்போது மனசு கேட்கவில்லை.

"ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்காதீங்கக்கா. இம்புட்டு நாளா யாரு மேலயோ பழி போட்டிருக்கீங்கன்னு தெரியுது. மொதல்ல அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேளுங்க. உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க."

ஒச்சம்மா காகிதத்தை மடிக்கவில்லை. ஈரம் காயாத முத்திரையில் விரல் படாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"ஆடு எங்களது இல்ல தாயி. நல்லகாமனோடது. அவருக்குத்தான் கண்ணு மங்கல். எம்புருசனுக்குச் சிநேகிதரு, அதான் பத்து ராத்திரி கிடை போட்டாரு. ஆடுக புஞ்சையில எறங்கி மேஞ்ச கோவத்துல எம்புருசன் மருந்தடிச்சுட்டாருன்னு அவரே சொல்லி, கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னாரு. இவரும் பண்ணாரு. எட்டாம் நாளு களத்துல நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுந்தவருதான்... பொய்ச் சத்தியம், சாமி கேட்டுருச்சுன்னு ஊரே பேசுது."

அவள் கை மறுபடி தாலிக்கயிற்றுக்குப் போனது.

"வெள்ளிக்கிழமை எம்புருசனுக்குக் கருமாதி. இதை எறக்குறதுக்கு முன்னாடி, நல்லகாமன் இந்தக் காகிதத்தைச் சத்தமா வாசிக்கணும்."